பதினோரு கோடுகள் உள்ள பக்கம்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதமும் நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. செம்மறிக்கிடாவின் படத்தை அப்பா ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். முதுகு நேராக இருக்கிறது, பின்தொடை நிறைந்திருக்கிறது, நான்கு காலும் சரியாக ஊன்றியிருக்கின்றன என்றார். எனக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நம் பட்டியிலிருந்து ஆறு பெட்டையை ஓட்டிப்போய், ஒரு கிடாவும் வாங்கி, ஒன்றரை வருடத்தில் இவ்வளவு செய்திருக்கிறாய்.

ஆனால் நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அந்தக் கிடாவை அதன் மகள்களோடு சேர்க்காதே.

காமெட் காளையை உதாரணம் காட்டியிருந்தாய். ஷார்ட்ஹார்ன் என்ற இங்கிலாந்து மாட்டினத்தில் 1804இல் பிறந்த அந்தக் காளைக்குத் தகப்பன் ஃபேவரிட். அதன் தாய்க்கும் தகப்பன் அதே ஃபேவரிட். அந்தத் தாயைப் பெற்ற பசுவோ ஃபேவரிட்டையே ஈன்ற பசு. இவ்வளவு நெருக்கத்தில் பிறந்தும் காமெட் பேர் வாங்கியது உண்மை. ஆனால் அதை வளர்த்த சார்லஸ் கோலிங்கிடம் பெரிய மந்தை இருந்தது. சரியாக வராததைக் கழித்துவிட்டு, வந்ததை மட்டும் வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. உன்னிடம் இருப்பது ஆறு பெட்டை. அதில் இரண்டு சரியாக வராவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

தகப்பனையும் மகளையும் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு, அதாவது சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்ததன் நெருக்கம், 25 சதவீதம். தாத்தாவும் பேத்தியும் என்றால் 12.5. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவை சேர்ந்தாலும் அதே 12.5தான். அந்த அளவு ஏற ஏற, தலைமுறைகளாக ஒளிந்துகிடந்த குறைகள் வெளியே வரும். ஊனம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, உடனே கழித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித் தெரியாது. குட்டி கொஞ்சம் எடை குறைவாகப் பிறக்கும், எழுந்து மடி தேட நேரமாகும், வளர்ந்தபின் சினை பிடிக்கத் தாமதமாகும். தீவனம் சரியில்லை, மழை அதிகம் என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம்.

நாளைக் கணக்குப் போட்டுப் பார். செம்மறிக்குச் சினைக்காலம் சராசரி 147 நாள். பெண் குட்டி ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினை பிடிக்காவிட்டால் 17 நாளுக்கு ஒருமுறை திரும்பவும் வரும். ஆக, கிடாவை விட்ட 13ஆவது மாதத்திலேயே அதன் மகள் அதே பட்டியில் பருவத்தோடு நிற்கிறது. நீ சேர்க்கவேண்டும் என்பதில்லை, பிரிக்காமல் இருந்தாலே போதும். ஆண் குட்டிகளையும் மூன்று மாதத்தில் தனியே பிரித்துவிடு. குட்டிதானே என்று விட்டால் தங்கையும் தாயும் அதனாலேயே சினையாகிவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

உனக்கு அப்போது எட்டு வயது. ஒரு ராத்திரி காற்றில் வெள்ளாட்டுப் பட்டியின் வேலி சாய்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் நம் கிடாவோடு வேறொரு கலப்புக் கிடாவும் உள்ளே நிற்கிறது. விரட்டிவிட்டேன், வேலியைத் தூக்கிக் கட்டினேன். அந்த வாரம்தான் பதினோரு பெட்டைகளோடு நம் கிடாவை விட்டிருந்தோம். ஒரே ராத்திரிதானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்து மாதம் கழித்துக் குட்டிகள் பிறந்தபோது, எல்லாவற்றுக்கும் தகப்பன் என்று பதிவேட்டில் நம் கிடாவின் எண்ணையே எழுதினேன். அப்பா வெளியூர் போயிருந்த நேரம். வேலி சாய்ந்ததை அவரிடமும் சொல்லவில்லை.

அதில் இரண்டு பெண் குட்டிகளைத் தூய இனம் என்று ஒருவர் வாங்கிப்போனார். அவை வளர்ந்து ஈன்றபோது, குட்டிகளின் காதும் நிறமும் நம் இனத்தில் இல்லாதவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இவற்றுக்குத் தாய் வழித் தாத்தா யார் என்று உங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்கு என்று பிரிக்க வழியே இல்லை. ஒரே பருவத்தில் இரண்டு கிடா சேர்ந்தால் இரட்டைக் குட்டியில்கூட ஆளுக்கொரு தகப்பன் இருக்கலாம். அதனால் பதினோரு ஈற்றுக்கும் தகப்பன் எண்ணைக் கோடு போட்டு அடித்து, 'தெரியாது' என்று எழுதினேன். எட்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம் அந்த ஒரு பக்கத்தில் அறுந்தது. இன்றைக்கென்றால் வேரோடு கொஞ்சம் முடி பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பித் தகப்பனைக் கண்டுபிடித்துவிடலாம். உனக்குச் சந்தேகம் வந்தால் தயங்காமல் அனுப்பு. முடிவு வரும்வரை பதிவேட்டில் தகப்பன் கட்டத்தை வெறுமையாக விடு.

1822இல் ஜார்ஜ் கோட்ஸ் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு வம்சாவளிப் புத்தகம் அச்சிட்டார். இன்ன காளை, இன்ன பசு, அவற்றின் கன்று என்று எவரும் எடுத்துப் பார்க்கும்படி. அவருக்கு முன் கால்நடை வளர்ப்பில் பெரும்பேர் எடுத்த ராபர்ட் பேக்வெல் எதை எதோடு சேர்த்தார் என்பதை வெளியே விடாதவர். நான் அந்தப் புத்தகக்காரர் பக்கம்தான். தூய இனம் என்று சொல்லி விற்கும்போது, வாங்குகிறவர் நம்புவது ஆட்டின் காதையோ கொம்பையோ அல்ல, நாம் எழுதிய வரியை.

வெள்ளாட்டில் கொம்பில்லாத கிடா ஒன்று கிடைக்கிறது, முட்டுமோ என்ற பயமில்லை என்று எழுதியிருந்தாய். வாங்கலாம், ஆனால் உன் இரண்டு மொட்டைப் பெட்டைகளோடு அதைச் சேர்க்காதே. பிறவியிலேயே கொம்பில்லாத இரண்டு சேர்ந்தால் பெண்ணாக வரவேண்டிய குட்டிகளில் சில ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் மலடாகப் பிறக்கும். இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். அதுபோல உன் பசு காளைக்கன்றும் கிடேரியுமாக இரட்டை ஈன்றால், அந்தக் கிடேரி பத்தில் ஒன்பது தடவை மலடுதான். இனவிருத்திக்கு என்று யாருக்கும் விற்றுவிடாதே. உன் மூன்று பசுவுக்குப் பொலிகாளை வேண்டாம், சினை ஊசி போதும். விந்துக் குச்சியில் இருக்கும் காளை எண்ணை அன்றைக்கே எழுதிவிடு.

அப்புறம், வெள்ளாட்டுக்கு வாங்கிய தாதுக் கலவையைச் செம்மறிக்குப் போடாதே. வெள்ளாட்டுக்கு வேண்டிய அளவு தாமிரம் செம்மறிக்கு விஷம். ஈரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும்.

அடுத்த கிடா பார்க்கும்போது வாயைத் திறந்து பார். கீழ்ப் பற்கள் மேல் ஈறில் சரியாகப் படவேண்டும். நம்மிடம் ஒன்று இருந்தது, அதைவிட அழகான கிடாவை நான் பார்த்ததில்லை. தாடை பொருந்தவில்லை என்று அப்பா கழித்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் செய்தது சரி. குறை அதோடு நின்றுவிடாது, குட்டிகளுக்கும் போகும்.

பழைய பதிவேட்டை இத்துடன் அனுப்புகிறேன். உன் ஆறு பெட்டைகளின் தாய்வழி முழுக்க அதில் இருக்கிறது. கோடு அடித்த பக்கத்தைக் கிழிக்காதே, மேலே தாள் ஒட்டாதே. அது அப்படியே இருக்கட்டும்.

கிடாவை இன்றைக்கே பிரித்துக் கட்டு. எந்தத் தேதியில் பிரித்தாய், அதுவரை மகள்களில் எது எது அதோடு இருந்தது என்று எழுதி அனுப்பு. 147 நாள் கூட்டி இங்கே நானும் குறித்துவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா