அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சங்கம், மாவட்டக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, சக மருத்துவர்களே, வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இவ்வாண்டு மார்ச் முடிய நம் கிளை ஆற்றிய பணிகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. குடலிறக்கக் கருத்தரங்கு, மருத்துவர் தின இரத்ததான முகாம், குடும்ப விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. இவற்றில் குடும்ப விழாவுக்கு மட்டும் நாற்காலி போதவில்லை.

இவ்வாண்டின் பெரும்பகுதி சட்டத்தோடு கழிந்தது. 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சர் மக்களவையில் புதிய குற்றவியல் சட்டத்தில் மருத்துவர்களுக்காகத் திருத்தம் கொண்டுவருவதாக அறிவித்தபோது, கவனக்குறைவால் நேரும் மரணத்திற்கான தண்டனையிலிருந்து நமக்கு முழு விலக்கு கிடைத்துவிட்டதாக நம் வாட்ஸ்ஆப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. அச்சட்டத்தின் பிரிவு 106(1)-ஐ ஒருமுறை படித்துப் பார்க்கும்படி நான் எழுதியதற்கு ஒரே ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் விலக்கு என்று ஏதுமில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றும், பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்கையில் அது நேர்ந்தால் இரண்டாண்டு வரை என்றும், இரு நிலையிலும் அபராதமும் உண்டு என்றும் அப்பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவிலும் உச்சம் இரண்டாண்டுதான். ஆனால் அங்கே சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்ததால் அபராதத்தோடு முடிய வழியிருந்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

நம்மை இன்றும் காப்பது 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே. கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தாலன்றிக் குற்றவழக்கு கூடாது, அதே துறையில் தகுதியுள்ள சார்பற்ற மருத்துவரின் கருத்தை முதலில் பெற வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பன அதன் சாரம். தீர்ப்பு இருந்தால் போதாது, அதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அது வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பிறகும், 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசாவில், பிரசவத்திற்குப் பிந்திய இரத்தப்போக்கில் தாய் இறந்ததற்காகக் கொலைவழக்கில் சேர்க்கப்பட்ட பெண் மருத்துவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நுகர்வோர் சட்டத்திலும் இதே கதைதான். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லாததால் தப்பித்தோம் என்றவர்களுக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் விடையளித்துவிட்டது. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995-இல் சாந்தா வழக்கில் சொன்னதே இன்றும் நிற்கிறது. வழக்கு எங்கே தொடரப்படும் என்பதைக் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை, நோயாளி கட்டிய தொகையே முடிவு செய்கிறது. ஆகவே அறுபதாயிரம் ரூபாய் கட்டியவர் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, மனுக் கட்டணமின்றி, ஒரு கோடி கேட்கலாம்.

இந்த அச்சத்தின் சுமை நோயாளியின் மீதே இறங்குகிறது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். நெரிபட்ட குடலிறக்கத்தோடு, அதாவது பிதுங்கிய குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபட்ட நிலையில், இரவில் வரும் எழுபது வயதுக்காரருக்கு இதயநோயும் இருக்கிறது என்றால், மயக்க மருத்துவரைக்கூட அழைத்துக் கேட்காமல் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆம்புலன்ஸில் கழியும் இரண்டு மணி நேரத்தில் குடல் கறுத்துவிடக்கூடும், ஆனால் அந்தக் கணக்கு நம் பெயரில் ஏறுவதில்லை.

இதையெல்லாம் கருதித்தான் தமிழில் ஒப்புதல் படிவங்கள் தயாரிக்கும் பணியை நான் மேற்கொண்டேன். ஆராய்வதற்குப் பெற்ற ஒப்புதல் உறுப்பை அகற்றுவதற்குச் செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகிவிட்டது. ஆயினும் நோயாளிக்குப் புரியாத ஆங்கிலப் படிவத்தில், விவரங்களை நிரப்பாமலே கையெழுத்து வாங்கி வருகிறோம். பித்தப்பை அறுவைக்கான படிவத்தில், ‘துளை வழியே தொடங்கும் அறுவையை, பித்தநாளத்திற்கு ஆபத்து என்று தோன்றினால் வயிற்றைத் திறந்து முடிக்க நேரிடும்’ என்ற ஒரு வரிக்காக நான்கு மாலைகள் செலவாயின. என் மருத்துவமனையில் செவிலியர் அதை வாசித்துக் காட்டியபோது, ஓர் அம்மையார் அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லி, வயிற்றைத் திறக்கும் முடிவை யார் எடுப்பார் என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என்னிடம் எவரும் கேட்டதில்லை. இப்படிவங்களை இறுதி செய்யக் கூட்டிய கூட்டத்திற்கு, தேநீர் கொண்டுவந்தவரையும் சேர்த்து, ஏழு பேர் வந்திருந்தோம்.

அக்டோபரில் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் உறுப்பினர் வக்கீல் நோட்டீஸ் வந்திருப்பதாக அழைத்தார். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படிவத்தில் நோயாளியின் மைத்துனர் கையெழுத்திட்டிருந்தார், அறுவையின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது, தேதி மட்டும் வேறு மையில் இருந்தது. கேட்ட 72 மணி நேரத்திற்குள் ஆவண நகலைத் தர வேண்டும் என்ற விதியும் அவருக்குப் புதிதாக இருந்தது. அன்றிரவே நம் சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞரிடம் பேசி உரியதைச் செய்தோம். அவ்வுறுப்பினர் மூன்றாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டாமென்றுதான் இருந்தேன்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. படிவ அச்சுக்கூலி எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது. விவரங்களைப் பொருளாளர் தெரிவிப்பார். தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், அரங்கம் அளித்தோருக்கும் நன்றி.

சட்ட உதவிக் குழு வரும் ஆண்டிலும் இயங்க வேண்டுமெனில் வழக்கறிஞரின் ஆண்டுக் கட்டணத்தை ஜூன் மாதத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு வேண்டிய தொகை வங்கிக் கணக்கில் இல்லை, உறுப்பினர்களின் பாக்கியில் இருக்கிறது. என் கைபேசி இரவிலும் அணைக்கப்படுவதில்லை. அச்சிட்ட படிவங்கள் வாசலருகே கட்டுக்கட்டாக வைக்கப்பட்டுள்ளன. மதிய உணவு முடியும்வரை பொருளாளரும் அதே மேசையில் ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்