கால்சியம் 10.8 என்று வந்தால்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கால்சியம் அளவுக்குப் பக்கத்தில் ஆய்வகம் போட்டுத்தரும் சின்ன நட்சத்திரக் குறியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேல் வரம்பு 10.5 (ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று அச்சிட்டிருக்கும், நோயாளிக்கு 10.8 இருக்கும். "லேசாத்தான் கூடியிருக்கு, தண்ணி நிறைய குடிங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். என் அம்மாவுக்குப் பல வருடம் அப்படித்தான் போனது. சிறுநீரகக் கல்லுக்கு ஒரு மருத்துவர், எலும்பு வலிக்கு ஒருவர், மனச்சோர்வுக்கு இன்னொருவர் என்று பார்த்தோம். மூன்றையும் அந்த 10.8-உடன் சேர்த்துப் பார்க்கத்தான் யாருமில்லை.

சர்க்கரை அளவைப் போல, சாப்பாட்டுக்கு ஏற்ப இஷ்டத்துக்கு ஏறி இறங்குவதல்ல ரத்தக் கால்சியம். அதைக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைப்பதற்கென்றே கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் குறைந்தால் அவை பி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும். கூடினால் அடங்கிவிடும். அடங்காமல் சுரந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது, சிறுநீரகத்தில் கல்லாகிறது. பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசம் என்ற நோய் இதுதான். பெரும்பாலும் நான்கில் ஒன்றில் வளரும் புற்றுநோயல்லாத கட்டிதான் காரணம். சுமார் 80 முதல் 85 சதவீதம் பேருக்கு இப்படித்தான்.

அதிகம் தவறிப்போவது அடுத்த கட்டத்தில். கால்சியம் 10.9, பி.டி.எச். 52 என்று அறிக்கை வருகிறது. பல ஆய்வகங்களில் பி.டி.எச்.-இன் இயல்பு அளவு ஏறக்குறைய 15 முதல் 65 வரை என்பதால், "ஹார்மோன் நார்மல், பிரச்சினை இல்லை" என்று முடித்துவிடுகிறீர்கள். தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டார் வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது என்று யாராவது ஆறுதல் சொல்வார்களா? கால்சியம் கூடியிருக்கும்போது பி.டி.எச். வெகுவாக இறங்கியிருக்க வேண்டும். புற்றுநோயால் கால்சியம் கூடியவர்களுக்குப் பொதுவாக அப்படித்தான் இறங்கியிருக்கும். ஆகவே இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்த்து, சேர்த்து வாசியுங்கள். கூடவே அல்புமின் (ரத்தப் புரதம்), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது), வைட்டமின் டி அளவும் வேண்டும். கால்சியத்தைக் கூட்டக்கூடிய தயசைடு (ரத்த அழுத்தத்துக்கானது), லித்தியம் (மனநலத்துக்கானது) மாத்திரைகள் எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால், அது குடும்பவழியில் வரும் தொந்தரவற்ற வேறொரு நிலையாக இருக்கலாம். அவர்களுக்கு அறுவை சிகிச்சையால் பயனில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கத்தியை எடுப்பதும் தவறுதான்.

அப்புறம் ஸ்கேன். ரத்தச் சோதனை தெளிவாகச் சொன்ன பிறகும், "செஸ்டமிபி ஸ்கேனில் (பாராதைராய்டு கட்டியைத் தேடும் ஸ்கேன்) ஒன்றும் தெரியவில்லை, அதனால் நோய் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் கட்டி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு. நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது ரத்தம். சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனின் கதை உங்கள் துறையில் பிரபலம். எலும்புகள் கரைந்து உயரமே குறைந்துபோன அவருக்கு 1926-இல் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. கழுத்தில் தேடித்தேடிக் கிடைக்காத கட்டி, 1932-இல் ஏழாவது அறுவை சிகிச்சையில் நெஞ்சுக்குள் அகப்பட்டது. கட்டி கண்ணில் படவில்லையே தவிர, நோயறிதல் சரியாகத்தான் இருந்தது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? நோயைத் தீர்ப்பது அறுவை சிகிச்சைதான். சினகால்செட் என்ற மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், எலும்பு அடர்த்தியைக் கூட்டாது. 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கால்சியம் மேல் வரம்பைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடியவர்கள், சிறுநீரகக் கல்லோ முதுகெலும்பு முறிவோ ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்பு அடர்த்திக் குறைவோ உள்ளவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சையைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. பாராதைராய்டில் கை பழகிய அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள், அது ரொம்ப முக்கியம். கட்டி வெளியே வந்ததும் பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் என்பதால், அதை எடுத்தாயிற்றா என்று அறுவை அரங்கிலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது.

எல்லாருக்கும் உடனே அறுவை சிகிச்சை வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு சிகிச்சை முறைதான். ஆனால் அதற்கு வருடந்தோறும் கால்சியம் பார்க்க வேண்டும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை எலும்பு அடர்த்தி அளக்க வேண்டும். அளக்கும்போது முன்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அதிகம் அடிவாங்கும் எலும்பு அதுதான், பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். இன்னொன்று: பால், தயிரை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் பி.டி.எச். இன்னும் ஏறும்.

உங்கள் மேசையில் அடுத்த நோயாளி காத்திருக்கிறார், தெரியும். ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பழைய அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லி, கால்சியம் இரண்டாவது முறையும் வரம்பைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே பி.டி.எச். எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்