என் தாடைய காப்பாத்துனவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தாடையில பெரிய ஆபரேஷன் முடிஞ்சு இப்பத்தான் நாலு வார்த்தை சேந்தாப்ல பேச வருது, நேர்ல எல்லாரையும் பாத்து சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

திருமங்கலம் பல் டாக்டரம்மா, மொத நன்றி உங்களுக்குத்தான். வலது கீழ்த்தாடை வீங்கிருந்துச்சு, வலியே இல்ல, கடவாப்பல்லு மட்டும் ஆடுச்சு. முன்னாடி பாத்த ஒரு எடத்துல சொத்தைன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. நீங்கதான் பல்லுல கை வைக்காம மொதல்ல ஓபிஜி, அதான் முழுத் தாடையும் ஒரே ஃபிலிம்ல தெரியுற எக்ஸ்ரே, எடுங்கன்னீங்க. ஃபிலிம வெளிச்சத்துல புடிச்சா எலும்புக்குள்ள சோப்பு நுரை கணக்கா குமிழ் குமிழா தெரிஞ்சுச்சு. கையோட லெட்டர் எழுதி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனீங்க.

அங்க துளி சதை எடுத்து சோதிக்கிற பயாப்ஸி, சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்து அமீலோபிளாஸ்டோமான்னு சொன்னாங்க. பல் எனாமல் உண்டாக்குற திசுவுல இருந்து வர்ற கட்டியாம், அபூர்வமா வர்றது, கேன்சர் இல்ல, ஆனா விட்டா எலும்ப அரிச்சுக்கிட்டே போகும். கட்டிய மட்டும் சுரண்டி எடுத்தா போதாதா சார்னு கேட்டேன். சர்ஜன் சார் துளி கூட சலிச்சுக்காம ஓபி சீட்டு பின்னாடியே தாடை படம் வரைஞ்சு, சுரண்டினா திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி, சுத்தி ஒரு சென்டிமீட்டருக்கு மேல நல்ல எலும்பையும் சேத்துத்தான் வெட்டணும், அந்த எடத்துக்கு கால்ல இருந்து ஃபிபுலாங்கிற மெல்லிசான எலும்ப ரத்தக்குழாயோட எடுத்து பிளேட் போட்டு வச்சிருவோம், நீங்க நடக்கலாம்னு பொறுமையா சொன்னாரு. அதுக்கப்புறம்தான் என் வீட்டம்மா சம்மதிச்சு கையெழுத்து போட்டா.

ஐசியூ நைட் டூட்டி சிஸ்டர், உங்கள மறக்கவே மாட்டேன். கால்ல இருந்து எடுத்து தாடையில வச்ச எலும்பு சதைக்கு ரத்தம் ஓடுதான்னு மணிக்கொரு தடவ வந்து, ரத்த ஓட்டத்த சத்தமா கேக்க வைக்கிற டாப்ளர் குச்சிய வச்சு காது குடுப்பீங்க, உஷ் உஷ்ஷுன்னு சத்தம் வந்ததும் என்னப் பாத்து கட்டவிரல காமிப்பீங்க. பேச முடியாம கெடந்தவனுக்கு அந்த வெரலுதாங்க தைரியம்.

ரத்தம் குடுத்த கப்பலூர் பட்டறை தம்பிங்க, முதலமைச்சர் காப்பீட்டு கவுன்ட்டர்ல பேப்பர சரி பண்ணிக் குடுத்தவரு, மூக்கு டியூப்ல கஞ்சியும் பாலும் ஊத்தி என்ன தேத்துன என் வீட்டம்மா, எல்லாருக்கும் கோடி நன்றி.

தாடைக்குள்ள ஓடுற நரம்பையும் சேத்து எடுத்ததால கீழ் உதடு ஒரு பக்கம் மரத்துத்தான் கெடக்கு, இட்லிய பிச்சுப்போட்டு மெதுவா சாப்புடுறேன், நடை சரியாயிருச்சு. வருஷக்கணக்கா செக்கப்புக்கு வரணும்னு சொல்லிருக்கீங்க சார், பழைய ஃபிலிமெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், கூப்புட்ட தேதிக்கு கண்டிப்பா வந்துருவேன்.