பயாப்சிக்கு முன் விளக்கம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது, என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று அறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்திருந்தார்கள். 4-க்குள் இருக்க வேண்டிய அளவு 6.1 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. தாளைப் புரட்டிய மருத்துவர், "நாளைக்கே பயாப்சி எடுத்துவிடலாம்" என்றதோடு அடுத்தவரை அழைத்துவிட்டார். பயாப்சி என்றால், சுரப்பியிலிருந்து ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் புற்றுநோய் உள்ளதா என்று சோதிப்பது. அன்றிரவு என் மனைவி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

சுரப்பி வயதால் பெருத்தாலும், சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தாலும் இந்த அளவு ஏறும் என்பதையும், 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அளவில் பயாப்சி செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் தென்படுகிறது என்பதையும், வேறொரு சிறுநீர்ப்பாதை மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பிறகே அறிந்தேன். சிறுநீரைச் சோதித்ததில் எனக்குத் தொற்று இருந்தது. அந்நிலையில் பயாப்சிக்காக மலக்குடல் வழியாக ஊசி செலுத்தியிருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து ஆபத்தாகியிருக்கலாம் என்றார். தொற்று குணமாகி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அளவு 5.2. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், புற்றுநோய்ச் சந்தேகம் கூடக்கூட ஒன்றிலிருந்து ஐந்துவரை தரும் மதிப்பெண்ணில் எனக்கு ஐந்துக்கு மூன்று, அதாவது உறுதியாக எதுவும் சொல்ல முடியாத நிலை. ஆயினும் சுரப்பி 60 மில்லிலிட்டர் அளவுக்குப் பெருத்திருந்ததால், அதோடு ஒப்பிட 5.2 அதிகமன்று என்று விளக்கினார். குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது, அளவு ஏறினால் தயங்காமல் பயாப்சி செய்துகொள்வது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம்.

பயாப்சியே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. என் நண்பர் ஒருவருக்கு ஸ்கேனில் ஐந்துக்கு ஐந்து வந்தது. அவர் உடனே பயாப்சி செய்துகொண்டதால்தான் உரிய காலத்தில் சிகிச்சை கிடைத்தது. 2018-இல் வெளியான, 500 ஆண்கள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு பயாப்சி தேவைப்படவில்லை. அப்படியிருந்தும், சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோய், ஸ்கேன் இல்லாமல் நேரடியாக பயாப்சி செய்துகொண்டவர்களைவிட அந்தப் பிரிவினரிடமே கூடுதலாகக் கண்டறியப்பட்டது. எனவே, ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவெடுப்பதால் நோய் கண்ணில் படாமல் தப்பிவிடும் என்று பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் எடுக்கும் முன்பே அதைத் தெரிவித்து ஒப்புதல் பெறவும், அளவு கூடியிருந்தால் அடுத்து என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவுத் தாளிலேயே தமிழில் அச்சிட்டுத் தரவும் பரிசோதனை மையங்களுக்குச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.