காய்ச்சல் அட்டை தமிழிலும் வேண்டும்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

குருதிப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு மகளின் தாய் நான். இரண்டரை ஆண்டுகள் நீடித்த அவளது சிகிச்சை அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிக் கிடைத்தது. அந்த வைத்தியர்களையும் தாதியரையும் நான் நாள்தோறும் நினைக்கிறேன். அந்த நன்றியோடுதான், இப்படியான பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியதைத் தமிழிலும் சொல்லும் ஒரு சிறு அட்டையைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

புற்றுநோய் மருந்து ஏற்றிய பின், தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் பிள்ளையின் உடலில் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நாட்களில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால், அதைச் சாதாரணக் காய்ச்சலாக எண்ணி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, ஒரு மணித்தியாலத்துக்குள் நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏற்றத் தொடங்க வேண்டும். பனடோல் கொடுத்தால் சூடு இறங்கும். தொற்றோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் வழக்கமாக ஆசனவாயில் வைக்கும் காய்ச்சல் மருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, அங்கே ஏற்படும் சிறு கீறல் வழியாகவும் கிருமி குருதியில் கலந்துவிடும். தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயால் மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைகளுக்கும் காய்ச்சல் இதேபோன்ற அவசரந்தான்.

எங்களுக்கு அடுத்த கட்டிலில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த தாயொருவர் மகனோடு இருந்தார். வீடு செல்லும்போது அவருக்குக் கொடுத்த தாளில் இவையெல்லாம் இருந்தன, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அவர் அதை நான்காக மடித்து, பொலித்தீன் உறையிலிட்டு, கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பின்னர் நான் பார்த்தபோதும் அந்த மடிப்புக் கலையவில்லை. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. "பனடோல் குடுத்தேன் அக்கா, விட்டிருச்சினுதான் நெனச்சேன்" என்றார். விடிந்தபோது பிள்ளை கண் திறக்கவில்லை. பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான். அந்தத் தாயிடம் நான் எந்தக் குறையும் காணவில்லை.

புற்றுநோயுள்ள பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினரை 2030க்குள் பிழைக்கச் செய்ய வேண்டுமென உலக சுகாதார அமைப்பு 2018இல் இலக்கு வைத்தது. விலையுயர்ந்த மருந்து நோயை வென்றுகொண்டிருக்கும்போதே, படிக்க முடியாத ஒரு தாளால் பிள்ளையை இழப்பது எந்த வகையில் நியாயம்? 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

ஆகவே நான் கேட்பது உள்ளங்கையளவு அட்டை ஒன்று. ஒரு பக்கத்தில் பெற்றோருக்கான அறிவுறுத்தல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். மறுபக்கத்தில், இந்தப் பிள்ளையை வரிசையில் நிறுத்தாமல் உடனே மருந்தைத் தொடங்குமாறு வெளிநோயாளர் பிரிவு வைத்தியருக்கான குறிப்பும், நோயாளர் விடுதியின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். ஒரு வெப்பமானியும் கூடவே கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு, வீடு அனுப்புமுன் ஒருவர் தமிழில் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

வரைவை அச்சுக்கு அனுப்புமுன் எங்களிடம் தாருங்கள். தோட்டத்துத் தாய்க்கும் மட்டக்களப்புத் தகப்பனுக்கும் விளங்கும் சொற்களில் இருக்கிறதா என்று பெற்றோர் நாங்கள் உரக்க வாசித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13