ரிக்டர் எண் ஒன்றே போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகில் எங்கே நிலம் நடுங்கினாலும், மறுநாள் நாளிதழ்களில் ‘ரிக்டர் அளவுகோலில் இத்தனை புள்ளிகளாகப் பதிவானது’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. அதிர்வு எவ்வளவு ஆழத்தில் பிறந்தது, எந்தெந்த ஊரில் எவ்வளவு உணரப்பட்டது என்ற விவரங்கள் பெரும்பாலும் வருவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெடுங்காலம் கட்டடப் பணிகளை மேற்பார்வையிட்டவன் என்ற முறையில், அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து அச்சப்படுவதும் நிம்மதியடைவதும் சரியல்ல என்று கருதி இதை எழுதுகிறேன்.

அந்த எண், பூமிக்கடியில் பாறை உடைந்து நழுவியபோது வெளிப்பட்ட ஆற்றலைக் குறிப்பது. ஒரு நில நடுக்கத்துக்கு அது ஒன்றுதான் இருக்கும். ஓர் ஊரில் வீடுகளும் மனிதர்களும் பட்ட பாட்டைக் குறிக்கும் ‘செறிவு’ என்பது வேறோர் அளவு. அது ஊருக்கு ஊர் மாறும், சில வேளைகளில் தெருவுக்குத் தெருவே மாறும். கோயில் கொடையில் வெடிக்கும் கதினாவுக்குள் இட்ட மருந்து ஓர் அளவுதான். அருகில் நிற்பவன் காதைப் பொத்துகிறான், அடுத்த ஊர்க்காரன் தலையைக்கூடத் திருப்புவதில்லை. செறிவைக் குறிக்க மெர்காலி அளவுகோல் உள்ளது. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான அதன் படிகள் ரோமன் எண்களில் எழுதப்படுகின்றன.

2010-ஆம் ஆண்டின் இரண்டு நில நடுக்கங்களை ஒப்பிட்டாலே இந்த வேறுபாடு விளங்கும். அவ்வாண்டு ஜனவரியில் ஹைத்தி நாட்டைத் தாக்கியது 7.0, அடுத்த மாதமே சிலி நாட்டைத் தாக்கியது 8.8. எண்ணில் ஒரு புள்ளி கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பதால், சிலியில் வெளிப்பட்டது ஹைத்தியைப்போல் சுமார் 500 மடங்கு ஆற்றல். ஆயினும் சிலியில் இறந்தவர்கள் சில நூறு பேர். ஹைத்தியிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஹைத்தியில் அதிர்வு ஆழம் குறைந்த இடத்தில், தலைநகரின் வாசலிலேயே பிறந்தது. அங்கிருந்த வீடுகள் எந்தக் கட்டட விதிக்கும் உட்படாதவை. சிலி 1960-இல் 9.5 அளவுள்ள அதிர்வை, அதாவது கருவிகள் பதிவுசெய்தவற்றுள் மிகப் பெரியதை, அனுபவித்த நாடு. அங்கே கட்டட விதிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

‘ரிக்டர்’ என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சார்லஸ் ரிக்டர் 1935-இல் அந்த அளவுகோலைத் தெற்குக் கலிபோர்னியாவின் அதிர்வுகளுக்காக, ஒரு குறிப்பிட்ட வகைக் கருவியின் பதிவை வைத்து வகுத்தார். மிகப் பெரிய அதிர்வுகளில் அது ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. எனவே நழுவிய பிளவின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் மதிப்பிலிருந்து கணக்கிடும் ‘திருப்புத்திறன் அளவு’ 1979-இல் வந்தது. இன்று பெரிய நடுக்கங்களுக்கு உலகம் முழுவதும் ஆய்வு மையங்கள் தருவது அதைத்தான். பழைய பெயர் மட்டும் செய்திகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த எல்லையால் வந்த இடர் நமக்குப் புதியதல்ல. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடிப் பிளவு நழுவத் தொடங்கியது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு அது கிழிந்து முடியவே பல நிமிடங்கள் ஆயின. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் வெளியிட்ட முதல் கணிப்பு 8.0, ஒரு மணி நேரத்துக்குப் பின் அது 8.5 ஆயிற்று. உண்மை அளவு 9.1 என்பது பின்னர் உறுதியானது. முதலில் சொன்னதற்கும் உண்மைக்கும் இடையே ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல் வேறுபாடு! இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. மணக்குடியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அலை ஏறியதற்கு முன் கைவசம் மணிக்கணக்கில் நேரம் இருந்தும், நம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் இறந்தனர். ஐதராபாத்தில் தேசிய சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான்.

எண் பெரிதாக இருப்பதாலேயே சுனாமி வந்துவிடும் என்பதும் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி நிலம் நழுவியது. சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது. கடலோர மக்கள் அஞ்சினர். ஆனால் எழுந்தவை சிறிய அலைகளே. 2004-இல் பூமியின் மேலோடாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகளுள் ஒன்று மற்றொன்றன் அடியில் புதையும் இடத்தில் கடலின் தரை மேலெழுந்து நீரைத் தள்ளியது; 2012-இல் பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்ததால் நீர் பெரிதாகத் தள்ளப்படவில்லை. நிலம் எத்திசையில் நகர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

‘நம் மாவட்டம் பழைமையான உறுதிப் பாறையின் மேல் இருக்கிறது, இமயமலைபோல் தட்டுகள் மோதும் இடம் இங்கில்லை’ என்று பலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. பெரும் நடுக்கம் வரும் வாய்ப்பு இங்கே குறைவுதான். ஆனால் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடக்கு நோக்கி நகரும் இந்தியத் தட்டு, இமயத்தில் முட்டிக்கொண்டிருப்பதால் உண்டாகும் இறுக்கம் தீபகற்பத்தின் உட்பகுதிக்கும் பரவுகிறது. பழைய பிளவுகள் எப்போதாவது அசைகின்றன. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவிலும், 2000-இல் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் 5 அளவிலும் அப்படித்தான் நேர்ந்தது. மராட்டியத்தின் கில்லாரி, நாட்டின் அன்றைய நில நடுக்க ஆபத்து வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்த ஊர். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் வந்தது 6.2. மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்களும் கனத்த கூரைகளும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழ, அப்பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். வரைபடத்தில் அந்த மண்டலமே 2002-இல் நீக்கப்பட்டது.

நம்மூருக்கு இதில் முக்கியமாக நான் கருதுவது மண். 1985-இல் மெக்சிகோ நகரம் அதிர்வு மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆயினும் பழைய ஏரிப் படுகையின் மென்களிமண்மேல் எழுந்த நடுத்தர உயரக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. அதே நகரில் பாறைமேல் நின்றவை பெரும்பாலும் தப்பின. மென்மண் அதிர்வைப் பெருக்குகிறது. நீர் ஊறிய தளர்ந்த மணல் குழம்பாகிவிடவும் கூடும். கல்குளம், விளவங்கோடு மலையோரங்களில் பாறை கையெட்டும் ஆழத்தில் கிடைக்கும். நாஞ்சில் நாட்டிலோ வயல்களையும் குளங்களையும் மண்ணடித்து நிரப்பி மனைகளாக விற்றிருக்கிறோம். அங்கே மூன்று மாடிகள் எழுகின்றன, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்திக் கார் நிறுத்துமிடம் விடுகிறோம். மலையோரத்தில் பாத்திரங்கள் குலுங்குவதோடு நின்றுவிடும் அதிர்வு, அத்தகைய மனையில் சுவரைப் பிளக்கலாம்.

கட்டுவோர் கவனிக்க வேண்டியவை விலை கூடியவை அல்ல. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் நுனியை 90 பாகையில் விட்டுவிடாமல் 135 பாகைக்கு வளைத்து, கான்கிரீட்டின் உட்பக்கம் திருப்ப வேண்டும். தூணின் மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். செங்கல், வெட்டுக்கல் சுவர்களானால் ஜன்னல் மட்டத்துக்கு மேல் வீட்டைச் சுற்றிலும் அறுபடாத கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். இந்தியத் தர விதிகளில் இவை எப்போதோ எழுதப்பட்டுவிட்டன. தளத்தில் கம்பி கட்டுபவரிடம் இதைச் சொன்னால், ‘நம்ம ஊர்ல எங்க சார் பூகம்பம்?’ என்றுதான் பதில் வருகிறது. அவர் படிக்கும் செய்தியில் ஒரு எண் மட்டுமே இருக்கும்போது அவரை எப்படிக் குறைசொல்வது?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நில நடுக்கச் செய்திகளில் எண்ணோடு ஆழத்தையும், மையத்திலிருந்து ஊர்களின் தூரத்தையும், உணரப்பட்ட செறிவையும் அச்சிடுங்கள். முதல் மணி நேரக் கணிப்பு மாறக்கூடும் என்று ஒரு வரி சேருங்கள். ‘இன்ன தேதியில் பூகம்பம் வரும்’ என்று கைப்பேசிகளில் சுற்றும் தகவல்களுக்கு இடம் தராதீர்கள். நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்லும் முறை இன்றுவரை எந்த நாட்டிலும் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளோ, நிரப்பப்பட்ட குளத்திலும் வயலிலும் மாடிக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி தரும்முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும்; பள்ளிக் கட்டடங்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.