லாபம் இருக்கிறது, ஐபிஓ போகலாமா?

சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்ச் கணக்கு முடிந்து நல்ல லாபம் நின்றதும், ‘ஐபிஓ போகலாமா, அதாவது பொதுமக்களுக்கு முதன்முறையாகப் பங்கு வெளியிடலாமா’ என்று பலரும் கேட்கிறார்கள். பங்குச் சந்தையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்தில் நுழைய, கடந்த மூன்று நிதியாண்டுகளில் இரண்டிலாவது 1 கோடி செயல்பாட்டு லாபம் வேண்டும். உங்களில் சிலருக்கு அது தாராளமாகவே இருக்கிறது. சிக்கல், வெளியீட்டு ஆவணத்தில் ‘திரட்டும் பணம் எதற்கு’ என்று எழுத வேண்டிய பக்கத்தில்தான்.

அம்பத்தூர் பட்டறைக்காரர் அங்கே மிஷின் கொட்டேஷனை இணைத்துவிடுவார். உங்களுக்குப் பெருஞ்செலவே சம்பளம். அதை மாத வசூலே தாங்குகிறது. ‘பொதுச் செலவு’ என்று போட்டு நிரப்பவும் வழியில்லை: 2025 முதல் அதற்கு வெளியீட்டுத் தொகையில் 15 சதவீதம் அல்லது 10 கோடி, எது குறைவோ அதுதான் உச்சம். சொந்தப் பங்கை விற்றுக் காசாக்கலாமென்றால், பழைய பங்குதாரர்கள் விற்பது மொத்த வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. புரமோட்டர், அதாவது நிறுவனத்தை நடத்தும் உங்கள் பங்கில் ஒரு பகுதியை மூன்றாண்டு விற்கவே முடியாதபடி பூட்டு வேறு.

ஜோஹோ வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தது. பங்கை விற்று வெளியேறக் காத்திருப்பவர் யாருமில்லை. சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸில் வென்ச்சர் முதலீட்டாளர்களின் பணம் இருந்தது, அவர்கள் வெளியேற வழி வேண்டும்; 2021-ல் நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. அப்போது அது லாபத்தில்கூட இல்லை!

உங்களிடமும் தொடக்கத்தில் பணம் போட்ட ஏஞ்சல் முதலீட்டாளரோ பங்கு வைத்திருக்கும் ஊழியரோ இருந்தால் கணக்கு மாறும். ஆனால் இரண்டு மூன்று பேருக்காக ஐபிஓ வேண்டாம், பைபேக், அதாவது கம்பெனியே அவர்கள் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது, போதும். மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் வரை போர்டு தீர்மானம், 25 வரை சிறப்புத் தீர்மானம்.

போயே தீருவோம் என்பவர்கள் முதலில் பங்குப் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஐபிஓவை நடத்தித் தரும் மெர்ச்சன்ட் பேங்கர் வந்து நிற்கும் இடம் அதுதான். என்றோ மச்சானுக்கு மாற்றிய பங்குக்கு எஸ்எச்-4 என்ற பங்கு மாற்றப் படிவம் இருக்காது, இருந்தால் முத்திரை வரி கட்டியிருக்காது. புதுப் பங்கு ஒதுக்கியதற்கு பாஸ்-3 என்ற படிவத்தைத் தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். அதைச் சரிக்கட்டவே மாதக்கணக்கில் இழுக்கும். அப்புறம்தான் ஏழு பங்குதாரர், மூன்று இயக்குநரோடு பப்ளிக் லிமிடெட் ஆக மாறுவதும், எல்லாப் பங்கையும் டீமேட்டில், அதாவது மின்னணுக் கணக்கில், ஏற்றுவதும். அப்பா பெயரிலுள்ள ராயபுரம் கட்டடத்துக்கு கம்பெனி கொடுக்கும் வாடகையும் ஆவணத்தில் வெளியே வரும்.

இன்னொன்று: உங்கள் லாப சதவீதத்தை உங்களுடைய பெரிய கஸ்டமரும் படிப்பார். அடுத்த ஒப்பந்தத்தில் ரேட்டைக் குறைக்கச் சொல்வார்.

பேச வரும்போது பங்குப் பதிவேடு, பாஸ்-3 நகல்கள், எஸ்எச்-4 மூலப்படிவங்கள் மூன்றையும் கொண்டுவாருங்கள். பேலன்ஸ் ஷீட் எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஆடிட்டர் அலுவலகம்,
பழைய வண்ணாரப்பேட்டை